பாரோ, லெண்ட்: எது வாங்குவது, எது கொடுப்பது?

காரைக்குடியில் படிக்கும் மகள் 'கேன் யூ பாரோ மீ எ பென்?' என்று எழுதியது ஏன் தவறு என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழில் கடன் என்ற ஒரே சொல்லோடு வாங்கு, கொடு சேர்த்தால் போதும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனி வினை: வாங்குவது பாரோ, கொடுப்பது லெண்ட்.

நம்ம ஊர்க் கதையையே சொல்லிக்கொடுங்கள். பர்மாவில் வட்டிக்கடை வைத்த நகரத்தார் வங்கிகளிடமிருந்தும் கடன் வாங்கினார்கள். அது பாரோ, கூடவே ஃப்ரம் வரும். ஐராவதி டெல்டாவின் நெல் விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். அது லெண்ட், அதற்கு டு. ஒரே கடை, இரண்டு வினை.

சரி, பேனாவுக்கு வருவோம். 'கேன் யூ லெண்ட் மீ' அல்லது 'கேன் ஐ பாரோ', இரண்டும் சரி. லோன் பெயர்ச்சொல். அமெரிக்கர்கள் வினையாகவும் சொல்வார்கள். பரீட்சையில் லெண்ட் என்றே எழுதட்டும்.