நிரலைக் கொடுத்தால் மட்டும் போதுமா?

கேள்வி: கணினி நிரல்களில் உள்ள பிழைகளைத் தானாகத் திருத்தும் கருவி ஒன்றை என் முனைவர் பட்ட ஆய்வுக்காக உருவாக்கி, அதன் நிரலை, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் வெளியிட்டிருக்கிறேன். ஆனால், என் முடிவுகள் தமக்குக் கிடைக்கவில்லை என்கிறார் வேறு கல்லூரி ஆய்வாளர் ஒருவர். கோளாறு எங்கே இருக்கும்? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: நிரல் ஒன்றாக இருந்தாலும் அது ஓடும் சூழல் ஒன்றாக இருப்பதில்லை, பெரும்பாலும் அங்கேதான் தேட வேண்டும். உங்கள் துறையினர் நன்கறிந்த டிஃபெக்ட்ஸ்4ஜே தொகுப்பையே பாருங்கள். ஜாவா திட்டங்களில் உண்மையாகவே நேர்ந்த பிழைகளை, திருத்திய வடிவத்தோடும் பிழையைக் காட்டிக்கொடுக்கும் சோதனையோடும் சேர்த்துத் தரும் இத்தொகுப்பு, 2014-இல் 5 திட்டங்களின் 357 பிழைகளோடு வெளிவந்து, இரண்டாம் பதிப்பில் 17 திட்டங்களின் 835 பிழைகளாக வளர்ந்தது. இதன் சோதனைகள் லாஸ் ஏஞ்சலிஸ் நேர வலயத்தில் ஓடுகின்றன. தொகுப்பின் கட்டளைகளைத் தவிர்த்துவிட்டு, இந்திய நேரத்தில் இருக்கும் கணினியில் நேரடியாகச் சோதனைகளை ஓட்டுபவருக்குத் தேதி சார்ந்த சோதனை ஏதேனும் தோற்றால், அவர் உங்கள் கருவியைத்தான் சந்தேகிப்பார். ஜாவாவின் பதிப்பும் இப்படிப்பட்டதே. ஜாவா 8-இல் மீண்டும் வெளிப்படாத பிழைகளைத் தொகுப்பாளர்கள் விலக்கி வைத்தார்கள். ஆனால், அவற்றின் எண்களை வேறு பிழைகளுக்குக் கொடுக்காமல் காலியாகவே விட்டார்கள். பழைய கட்டுரையில் ‘லாங் 2’ (லாங் என்னும் திட்டத்தின் 2-ஆம் எண் பிழை) என்று படிப்பவர் அதனால் குழம்புவதில்லை. இந்தப் பொறுப்புணர்வை நான் பெரிதும் மதிக்கிறேன்.

உங்கள் சூழல் முழுவதையும் ஒரு டாக்கர் படிமமாக, அதாவது நிரலையும் அது ஓடத் தேவையான மென்பொருள்களையும் ஒன்றாகக் கட்டிய பொதியாகக் கொடுங்கள். அதுவும் எல்லாவற்றையும் காப்பாற்றாது: ஒரு பிழைக்கு இத்தனை நிமிடம் என்று வரம்பு வைத்திருந்தால், வேகம் குறைந்த கணினியில் அந்த நேரத்துக்குள் திருத்தம் கிடைக்காமல் போகலாம். எனவே கணினியின் திறனையும், தற்செயல் எண்களுக்கு நீங்கள் கொடுத்த தொடக்க மதிப்பையும் எழுதிவையுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, ஒவ்வொரு பிழைக்கும் கருவி தந்த வெளியீட்டை அப்படியே இணையுங்கள். மொத்த எண்ணிக்கையை மட்டும் கொடுத்தால் இருவரும் வேறுபடுவது தெரியும். எந்தப் பிழையில் வேறுபடுகிறீர்கள் என்பது தெரியாது.

கேள்வி: இவற்றையெல்லாம் என் சொந்த இணையப் பக்கத்தில் வைத்தால் போதாதா? (அதே வாசகி)

பதில்: போதாது. பணி மாறினால் பக்கம் மறையும். கணினியியலாளர் சங்கமான ஏசிஎம் கட்டுரைகளுக்குத் தரும் ‘ஆய்வுப் பொருள் கிடைக்கிறது’ என்னும் முத்திரைக்கும் சொந்தப் பக்கம் ஏற்கப்படுவதில்லை. ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் நடத்தும் ஜெனோடோ என்னும் ஆய்வுக் களஞ்சியத்தில் இலவசமாக வைத்தால், டிஓஐ என்னும் நிலையான அடையாள எண் கிடைக்கும். கட்டுரையில் அந்த எண்ணையே குறிப்பிடுங்கள். கிட்ஹப் முகவரி கூடுதலாக இருக்கட்டும்.