வேகன் ஆர் கிளட்ச் மாற்ற 17,500 ரூபாய் கேட்கிறார்கள். இவ்வளவு ஆகுமா?

கேள்வி கேட்டவர் தன் வண்டி 2017 மாடல் பெட்ரோல் வேகன் ஆர், 64 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியது என்று எழுதியிருக்கிறார். கடைசியில் ஒரு வரி: "நீங்கள் அரை கிளட்ச்சில் ஓட்டுகிறீர்கள், அதனால்தான் போய்விட்டது என்கிறார்கள்."

அரை கிளட்ச் என்றால் பெடலை முழுதாக விடாமல் பாதி மிதித்தபடியே ஓட்டுவது. அந்த வரியைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் தொகை. கியரைக் கையால் மாற்றும் வேகன் ஆருக்கு வெளி மெக்கானிக்கிடம் ஏழாயிரத்திலிருந்து ஒன்பதாயிரத்துக்குள் முடிந்துவிடும். இது 2023-ல் சேலத்தில் நான் விசாரித்ததும் கொடுத்ததும். சென்னையிலோ கோவையிலோ கூலி கொஞ்சம் கூடலாம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் அதிகம்தான் ஆகும், அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் 17,500 என்றால் பில்லில் தேவையில்லாத ஏதோ ஒன்று ஏறியிருக்கலாம். என் கதையைக் கேட்டால் உங்களுக்கே புரியும்.

2023 மே மாதம், குடும்பத்தோடு ஏற்காடு கிளம்பினோம். என்னுடையது 2014 வேகன் ஆர். வாழப்பாடிப் பக்கம் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கும் வீட்டுக்கும்தான் பெரும்பாலும் ஓடும். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏழாவதோ எட்டாவதோ வளைவில் செகண்ட் கியரில் ஏறும்போது இன்ஜின் உறுமுகிறது, வண்டி இழுக்கவில்லை. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சத்தம் மட்டும் கூடுகிறது. அப்புறம் அந்த வாடை. பின்சீட்டிலிருந்து மாமியார், "என்னம்மா, ஏதோ தீயுதே" என்றார். அகலமான இடமாகப் பார்த்து ஓரம் கட்டி, அரை மணி நேரம் ஆறவிட்டு, மெதுவாகத் திருப்பி இறங்கி வந்துவிட்டோம்.

மறுநாள் சர்வீஸ் சென்டர். அங்கிருந்த பையன் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, என்னைத் தாண்டிப் போய் என் கணவரிடம் சொன்னான்: "சார், மேடம் கால கிளட்ச்லயே வெச்சு ஓட்டுறாங்க போல. லேடீஸ் ஓட்டுற வண்டில இது காமன் சார்."

என் கணவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. வண்டி என் பெயரில் இருக்கிறது. 2009-லிருந்து லைசென்ஸ் வைத்திருக்கிறேன். கியர் விழுந்ததும் என் இடது கால் பெடலை விட்டுத் தரைக்கு வந்துவிடும். கற்றுக்கொடுத்தவர் அப்படித்தான் பழக்கினார், இன்றுவரை மாறவில்லை. அதைச் சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டே எஸ்டிமேட்டை நீட்டினான்: 16,800. கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், ஃப்ளைவீல், கிளட்ச் கேபிள், கியர் ஆயில், லேபர்.

ஃப்ளைவீல், அதாவது கிளட்ச் பிளேட் ஒட்டிப் பிடிக்கும் இன்ஜின் பக்கத்துச் சக்கரம், எதற்கு என்று கேட்டேன். "செட்டா மாத்துறதுதான் மேடம் நல்லது" என்றான். கியர்பாக்ஸை இறக்கினால்தான் ஃப்ளைவீல் கண்ணுக்கே தெரியும். இறக்காமலே அது போய்விட்டது என்று எப்படி எழுதுவது? வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம், பள்ளியில் கூட வேலை பார்ப்பவர் சொன்ன ஒரு மெக்கானிக்கிடம் போனேன். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் அந்த அண்ணனுக்கு. ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே, "டீச்சர், வண்டி நிக்கிற இடத்துல ஆயில் சொட்டுதா?" என்று கேட்டார். சொட்டியது. போர்டிகோ டைல்ஸில் ஒரு வருடமாகவே ரூபாய்க் காசு அளவுக்குக் கறை. சர்வீஸ் சென்டரில் இரண்டு முறை சொன்னேன், "அது பழைய ஆயில் மேடம், வாட்டர் வாஷ் பண்ணிட்டோம்" என்று அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த நாள் மதியம் அவரிடமிருந்து போன். "கழட்டியாச்சு. வந்து பாத்துட்டுப் போங்க டீச்சர், நீங்க பாக்காம புதுச மாட்ட மாட்டேன்." பள்ளியில் அனுமதி வாங்கிக்கொண்டு போனேன்.

செய்தித்தாள் மேல் பழைய பிளேட்டை வைத்திருந்தார். ஒரு சின்னத் தட்டு அளவுதான். என் கையில் கொடுத்து, விளிம்பில் இருக்கும் லைனிங்கைக் காட்டினார். லைனிங்கைப் பிடித்திருக்கும் ரிவெட்டுகள் குழிக்குள் இன்னும் ஆழமாகத்தான் இருந்தன. தேய்ந்த பிளேட் என்றால் ரிவெட் தலை மேல்மட்டத்துக்கு வந்திருக்குமாம். கட்டைவிரலால் தடவினேன். கருப்பாக, வழவழவென்று, அப்பளம் பொரித்த எண்ணெய் மாதிரி பிசுபிசுத்தது.

"கால் வெச்சு ஓட்டியிருந்தா தேஞ்சிருக்கும். இது தேயல, நனைஞ்சிருக்கு" என்றார்.

இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில், இன்ஜினின் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்கத்து ஆயில் சீல் (எண்ணெய் வெளியே வராமல் அடைக்கும் வளையம்) கசிந்து, இன்ஜின் ஆயில் பிளேட்டில் தெறித்திருக்கிறது. பிளேட் உராய்ந்து பிடிக்க வேண்டிய பொருள், எண்ணெய் பட்டால் எப்படிப் பிடிக்கும்? வழுக்கத்தான் செய்யும். அந்த 16,800 எஸ்டிமேட்டில் ஆயில் சீல் என்ற வார்த்தையே இல்லை. அதை மாற்றாமல் புது பிளேட்டைப் போட்டிருந்தால் அதுவும் நனைந்திருக்கும், மறுபடியும் என் காலைத்தான் குற்றம் சொல்லியிருப்பார்கள்.

ஆன செலவு: கிளட்ச் செட் 4,350, ஆயில் சீல் 320, கியர் ஆயில் 750, கூலி 2,500. மொத்தம் 7,920 ரூபாய். ஃப்ளைவீலில் லேசான கோடுகள்தான், எமரி பேப்பர் போட்டுத் துடைத்து அதையே மாட்டினார். கேபிளைத் தொடவில்லை. அதற்குப் பிறகு இரண்டு முறை ஏற்காடு போய் வந்துவிட்டேன்.

உடனே சிலர் வருவார்கள், வெளி மெக்கானிக்குகள் டூப்ளிகேட் போடுவார்கள் என்று. போடுபவர்களும் உண்டு, நான் மறுக்கவில்லை. அதனால்தான் வேலியோ, லூக், எக்ஸெடி மாதிரி பெயர் உள்ள செட்டை நாமே கடையில் பில்லோடு வாங்கிக் கொடுப்பது நல்லது. டீசல் வண்டிக்காரர்கள் என்னோடு சண்டைக்கு வர வேண்டாம். டூயல் மாஸ் ஃப்ளைவீல் (அதிர்வைக் குறைக்க இரண்டு பாகமாகச் செய்த ஃப்ளைவீல்) உள்ள வண்டிகளில் அதையும் மாற்ற வேண்டி வந்தால் செலவு பல மடங்கு. கியர் தானாக மாறும் ஏஜிஎஸ் வண்டியில் கிளட்ச் மாற்றிய பிறகு ஸ்கேனர் போட்டு செட் செய்ய வேண்டும், அது எல்லாக் கடையிலும் முடியாது. நான் சொல்வது சாதாரண கேபிள் கிளட்ச் வேகன் ஆருக்கு மட்டும்.

அரை கிளட்ச்சில் ஓட்டினால் பிளேட் சீக்கிரம் போகும் என்பதும் உண்மைதான். சிக்னலில், மேட்டில், கிளட்ச்சை வைத்தே வண்டியை நிறுத்திப் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பிளேட்டைக் கண்ணால் பார்க்காமல் அதை ஒருவர் தலையில் கட்டக் கூடாது. பெண்ணைத் தாண்டி ஆணிடம் பேசும் இந்தப் பழக்கம் எனக்கு வண்டி வாங்கிய நாளிலேயே ஆரம்பித்தது. கடனுக்கு என் சம்பளச் சான்று, என் கையெழுத்து, 60 மாதத் தவணையும் என் கணக்கிலிருந்து. டெலிவரி அன்று மாலையை என் கணவருக்குப் போட்டு, சாவியை அவர் கையில் கொடுத்து போட்டோ எடுத்தார்கள். நான் ஓரத்தில் நிற்கிறேன். இன்சூரன்ஸ் புதுப்பிக்கச் சொல்லி என் நம்பருக்குத்தான் கூப்பிடுகிறார்கள், எடுத்ததும் "சார் இருக்காங்களா?" கேள்விக்கு இது சம்பந்தமில்லாததுதான், தெரியும். பத்து வருடமாக மனதில் கிடப்பது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கிளட்ச் உண்மையிலேயே வழுக்குகிறதா என்று முதலில் பாருங்கள். சமதளத்தில், முன்னால் ஆள் இல்லாத இடத்தில், ஹேண்ட் பிரேக்கை இறுக்கி, தேர்டு கியர் போட்டு, மெதுவாகக் கிளட்ச்சை விடுங்கள். இன்ஜின் நின்றுவிட்டால் பிளேட் பிடிக்கிறது. நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் வழுக்குகிறது. ஒரு முறை போதும், திரும்பத் திரும்பச் செய்யாதீர்கள். பெடலில் ஃப்ரீ பிளே (மிதித்ததும் முதலில் லேசாக இறங்கும் சின்ன இடைவெளி) கொஞ்சமும் இல்லாமல் கேபிள் விறைப்பாக இருந்தாலும் வழுக்கும், அதற்கு அட்ஜஸ்ட் செய்தாலே போதும். வண்டிக்கு அடியில் ஆயில் கறை இருக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள்.

பில்லில் வரியையும் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22-லிருந்து வாகன உதிரி பாகங்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. பழைய 28-ஐ வைத்து எஸ்டிமேட் போட்டிருந்தால் கேளுங்கள். வண்டியை விடும்போதே, கியர்பாக்ஸை இறக்கியதும் போன் செய்யுங்கள், பழைய பிளேட்டையும் ஃப்ளைவீலையும் நான் பார்த்த பிறகு புதியதை மாட்டுங்கள் என்று, செய்ய வேண்டிய வேலைகளை எழுதும் ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள்.