காட்டில் நான் அதிகம் பயந்தது ‘ஒண்ணும் இல்ல சார்’ என்ற சொல்லுக்குத்தான்

கேள்வி: எங்கள் கல்லூரியில் இருந்து முதல்முறையாக மாணவர்களைக் காட்டுக்குள் நடைப்பயணம் அழைத்துப் போகிறோம். இப்படிப் பலமுறை போய்வந்த ஆசிரியர்கள், அதில் கற்றுக்கொண்டது என்ன என்று சொல்ல முடியுமா?

நான் தாவரவியல் வாத்தியார், இப்போது ஓய்வு. திருநெல்வேலிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் இருந்து பதினாலு தடவை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு களக்காட்டு மலை ஏறியிருக்கிறேன். களக்காடு, முண்டந்துறை சரணாலயங்கள் இரண்டையும் சேர்த்து 1988-இல் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். தமிழ்நாட்டில் அதுதான் முதல். தலையணை என்கிற இடத்தைத் தாண்டி மேலே செங்கல்தேரிக்குப் போய்விட்டால் கீழே இருக்கிற வெயிலுக்கும் அந்தக் குளிர்ச்சிக்கும் சம்பந்தமே இருக்காது. வெடிப்பலா, நாங்கு என்று மழைக்காட்டு மரங்கள். பாடப்புத்தகத்தில் படமாகப் பார்த்ததை அங்கே தொட்டுப் பார்க்கலாம்.

கூட்டிப் போகப்போகிறேன் என்று சொன்னதும் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, “யானை வந்தா என்ன செய்வீங்க?” கூட வருகிற வனக்காவலர் சொல்கிறபடி செய்வோம், அவ்வளவுதான். சென்ட் போடாதே, பளிச்சென்ற சட்டை போடாதே, பாட்டுப் போடாதே, செல்ஃபிக்காக வரிசையை விட்டுப் பிரியாதே என்று கிளம்பும்போதே சொல்லிவிட்டால் போதும். பதினாலு தடவையில் யானையாலோ புலியாலோ ஒரு சிக்கல்கூட எனக்கு வந்ததில்லை. வந்த சிக்கல் எல்லாம் ஒரே வாக்கியத்தில் இருந்து வந்தது. “என்னப்பா, முடியலையா?” என்று கேட்டால் வருமே, “ஒண்ணும் இல்ல சார்” என்று, அதில் இருந்து.

மூன்றாவது பயணம் என்று நினைக்கிறேன். ஜனவரி மாதம். இருபத்திரண்டு பிள்ளைகள், அதில் பெண்கள் ஒன்பது பேர். ஆசிரியர்கள் இரண்டு பேரும் ஆண்கள். முதல் தப்பு அதுதான் என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு எங்களுக்கு அது தோன்றவே இல்லை. காலை ஏழு மணிக்கு உப்புமாவை அள்ளிப் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தோம். பதினோரு மணி வாக்கில் ஒரு பெண் நடையில் பின்தங்கினாள். முகம் வெளுத்திருந்தது. கேட்டேன். “ஒண்ணும் இல்ல சார்.” சரி என்று நடந்தேன். பன்னிரண்டு மணிக்கு மறுபடி கேட்டேன். “லேசா தலைவலி சார், வேற ஒண்ணும் இல்ல.” ஒரு மணிக்குப் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபோது ஓங்கரித்து வாந்தி எடுத்தாள், எழுந்திருக்கப் போனவள் அப்படியே பக்கத்தில் இருந்தவள் மடியில் சாய்ந்துவிட்டாள்.

நான் பித்தம் என்றேன். இன்னொரு ஆசிரியர் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றார். எங்களோடு வந்த வேட்டைத் தடுப்புக் காவலரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஒன்றும் பேசாமல் போய் அவள் பையில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து என் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். ஒரு லிட்டர் பாட்டில். கழுத்து வரைக்கும் தண்ணீர் இருந்தது.

“காலையில இருந்து இந்தப் பிள்ள ஒரு தடவகூட ஒதுங்கல சார். மத்த பிள்ளைகளும் அப்படித்தான். கவனிச்சியளா?”

கவனிக்கவில்லை. ஆறு மணி நேரத்தில் ஒன்பது பெண்களும் ஒருமுறைகூட ஒதுங்கக் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறார்கள். பையன்களுக்கு என்ன, மரத்துக்குப் பின்னால் போய்விட்டு வந்துவிடுகிறான்கள். அட்டையும் பாம்பும் பையன்களும் இரண்டு சாரும் இருக்கிற இடத்தில் ஒரு பெண்பிள்ளை எங்கே போவாள், யாரிடம் கேட்பாள்? மழைக்காட்டுக்குள் நிழலும் ஈரமும் இருப்பதால் தாகம் தெரியாது. ஆனால் ஏற்றத்தில் வேர்வை பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து வாய் வாயாகக் குடிக்கக் கொடுத்தோம். ஒன்றரை மணி நேரத்தில் முகத்துக்கு ரத்தம் திரும்பியது. அந்த ஒன்றரை மணி நேரம் நான் என்னவெல்லாம் வேண்டிக்கொண்டேன் என்று எழுதினால் இந்தப் பதில் கோயில் பதில் ஆகிவிடும்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். எங்கள் ஊர்ப்பக்கம் பழைய ஆட்கள் கக்கூசுக்குப் போவதையே ‘காட்டுக்குப் போறது’ என்பார்கள். அப்படி ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, நிஜமாகவே காட்டுக்குப் போகும்போது அதைப் பற்றி வாயைத் திறக்க வெட்கப்பட்டிருக்கிறோம்.

அடுத்த வருஷத்தில் இருந்து ஒரு பேராசிரியை கூட வராமல் நாங்கள் கிளம்பியது இல்லை. மணிக்கு ஒருமுறை பத்து நிமிஷம் நிறுத்தம், யாருக்கு வேண்டுமோ வேண்டாமோ, பெண்கள் பாதைக்கு இடப்பக்கம், பையன்கள் வலப்பக்கம், எல்லாரும் போகவேண்டும். கேட்க வேண்டிய அவசியமே இல்லை என்று ஆனதும் வெட்கமும் இல்லை. போகிற இடத்தை முதலில் காவலர் பார்த்துவிட்டு வருவார். கிளம்புவதற்கு முந்தின நாள் மேடம் பெண்களை மட்டும் தனியே உட்காரவைத்து, மாதவிலக்கு வந்தால் என்ன செய்வது, நாப்கினைக் காட்டில் போடாமல் எப்படித் திரும்பக் கொண்டுவருவது என்பதையெல்லாம் பேசிவிடுவார். “முடியுதா?” என்று கேட்பதை நான் அடியோடு விட்டுவிட்டேன். “பாட்டிலைக் காட்டு” என்பேன். பாட்டில் பொய் சொல்லாது.

இரண்டாவது சம்பவம் ஒரு பையன். வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஷூ லேஸ் கட்டக் குனிந்திருக்கிறான். நிமிர்ந்தால் முன்னால் ஆள் இல்லை. மழைக்காட்டில் பாதை வளைந்தால் பத்தடியில் மனுஷன் மறைந்துவிடுவான். நான் அந்தக் காலத்தில் பெரிய தளபதி மாதிரி முன்னால் நடப்பேன். கடைசியில் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பது அபூர்வம். ஓடையைத் தாண்டித் தலை எண்ணும்போது ஒன்று குறைந்தது. அதற்கப்புறம் நாற்பது நிமிஷம். காவலர்கள் இரண்டு பேரும் திரும்பி ஓடினார்கள். நான் இருபத்தைந்து பிள்ளைகளை ஒரு பாறைமேல் உட்காரவைத்துவிட்டு அவன் அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவன் கிளைப்பாதை ஒன்றில் கொஞ்ச தூரம் போய், தப்பு என்று தெரிந்ததும் சொல்லிக்கொடுத்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டான். அதுவரைக்கும் சரி. ஆனால் கழுத்தில் விசில் தொங்கிக்கொண்டிருந்தது. எல்லாருக்கும் நானே வாங்கிக் கொடுத்தது. எங்கள் பேச்சுச் சத்தம் அவனுக்கு லேசாகக் கேட்டும் இருக்கிறது. ஏன் ஊதவில்லை என்று கேட்டதற்கு அவன் சொன்ன பதிலை நான் சாகிறவரை மறக்கமாட்டேன்: “காட்டுல சத்தம் போடக்கூடாதுன்னு சொன்னீங்க. ஊதினா திட்டுவீங்களோன்னு பயமா இருந்துச்சு சார்.”

புலிகள் காப்பகத்துக்குள் தனியாக உட்கார்ந்திருக்கிற பத்தொன்பது வயதுப் பையனுக்குப் புலியைவிட என்மேல் பயம். வகுப்பில் பிள்ளைகள் வாயைத் திறக்காமல் இருப்பதை மரியாதை என்று எத்தனை வருஷம் பெருமையாக எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த மரியாதையையும் மூட்டை கட்டி மலைமேல் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன்.

அன்றில் இருந்து நான் கடைசி ஆளாகத்தான் நடந்தேன். முன்னால் ஒரு காவலர், அவருக்குப் பின்னால் குழுவிலேயே மெதுவாக நடக்கிற ஆள். வேகத்தை அவர்தான் முடிவு செய்வார். அண்ணாச்சி சொல்லிக்கொடுத்த வழி ஒன்று உண்டு: “ஒனக்குப் பின்னால வாரவன் மூஞ்சி தெரியணும். தெரியலைன்னா நில்லு.” ஒருவன் நின்றால் அவனுக்கு முன்னால் போகிறவன் நிற்பான், அவனுக்கு முன்னால் போகிறவன் நிற்பான், இப்படி மொத்த வரிசையும் தானாக நின்றுவிடும். தலையெண்ணுவதைவிட இது எவ்வளவோ மேல். விசிலை அடிவாரத்திலேயே ஆளுக்கு மூன்று தடவை ஊதவைத்துவிடுவேன். ஒருமுறை ஊதிவிட்டால் கூச்சம் போய்விடும். சத்தம் போடக்கூடாது என்பது பாட்டுக்கும் கும்மாளத்துக்கும்தான், விசிலுக்குக் கிடையாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுவேன்.

மருத்துவ விவரப் படிவத்தை நம்பி மோசம் போகாதீர்கள். ‘ஏதேனும் நோய் உண்டா’ என்ற இடத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ‘இல்லை’ என்றுதான் எழுதுவார்கள். எழுதினால் விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம் பிள்ளைக்கு. பெண்ணுக்கு வலிப்பு என்று ஊருக்குத் தெரிந்தால் நாளைக்குக் கல்யாணப் பேச்சில் வருமோ என்ற பயம் அம்மாவுக்கு. நாங்கள் துண்டுச்சீட்டு கொடுத்தோம். எழுதி மடித்து மேடத்திடம் கொடுத்தால் போதும், வேறு யாரும் படிக்கமாட்டார்கள், எழுதியதற்காக யாரையும் நிறுத்தவும் மாட்டோம். முதல் வருஷமே ஆஸ்துமா இரண்டு, வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர் ஒருவர், உயரம் என்றால் நடுங்குகிறவர்கள் நாலு பேர் வெளியே வந்தார்கள். அந்த நாலு பேரில் ஒருவன் என்.சி.சி.யில் இருந்தவன்.

திரும்பி வந்த பிறகும் வேலை முடிவதில்லை. இதை நான் வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். ஒரு வருஷம் போய்வந்து பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு மாணவனுக்குக் காய்ச்சல். தலைவலி, உடம்புவலி. ஊரில் ஊசி போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள், குறையவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு ஒரு நர்ஸ்தான் இடுப்புக்குக் கீழே தொடை இடுக்கில் சிகரெட்டால் சுட்ட மாதிரி கறுப்பாக ஒரு பொருக்கைப் பார்த்திருக்கிறார். ஸ்க்ரப் டைஃபஸ் என்கிற உண்ணிக் காய்ச்சல். புதரில் இருக்கிற மிகச் சின்ன உண்ணியின் குஞ்சு கடித்து வருவது. கடித்த இடம் வலிக்காது, பெரும்பாலும் அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு என்று மறைவான இடத்தில் இருக்கும். சீக்கிரம் கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் மாத்திரைக்கு அடங்கிவிடும். விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. பையனுக்கு அந்தப் பொருக்கு இருப்பது நாலு நாளாகத் தெரியும். அந்த இடத்தில் இருக்கிறதை டாக்டரிடம் எப்படிக் காட்டுவது என்று சும்மா இருந்திருக்கிறான். காட்டுக்குப் போய்வந்ததையும் யாரும் டாக்டரிடம் சொல்லவில்லை. இப்போதும் பழைய மாணவர்கள் யாராவது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் நான் சொல்வது இதுதான்: மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் முதல் வார்த்தை ‘காட்டுக்குப் போயிருந்தேன்’ என்று இருக்கட்டும்.

அட்டையைப் பற்றிக் கேட்பீர்கள். புகையிலைத் தூளையும் உப்பையும் துணியில் முடிந்து நனைத்துக் காலில் ஒற்றிக்கொள்ளுங்கள், ஏறினாலும் விழுந்துவிடும். முதல் நாள் அலறுகிறவர்கள் இரண்டாம் நாள் எண்ணிக்கை சொல்லிப் பந்தயம் கட்டுவார்கள்.

அனுமதி, பருவம் இரண்டிலும் மட்டும் விளையாடாதீர்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கி ஏறுகிற வேகத்துக்கு ஆள் ஓட முடியாது. அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கென்றே தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் இருந்து அரசே ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று நாற்பது பாதைகளைப் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடு திறந்துவிட்டிருக்கிறது. முதல்முறை போகிறவர்கள் அதில் சின்னப் பாதை ஒன்றை எடுத்துக்கொள்வது நல்லது. குரங்கணிக்குப் பிறகு எங்கள் கல்லூரியில் இரண்டு வருஷம் பயணமே நின்றுபோனது. அந்தச் செய்தி வந்த இரவு நான் தூங்கவில்லை. ஒரு வருஷம் பரீட்சை தள்ளிப்போனதால் மார்ச்சில் போகலாமா என்று நானே கேட்டுப் பார்த்தவன். ரேஞ்சர் முடியாது என்றார். அப்போது அவர்மேல் எனக்கு ரொம்பக் கோபம்.

காட்டுப் பயணம் தலைமைப் பண்பை வளர்க்கும், தன்னம்பிக்கை தரும் என்று சுற்றறிக்கையில் எழுதுவார்கள். நானும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வளர்ந்ததா என்று அளந்து பார்த்தது இல்லை. என் கண்ணில் பட்டது ஒன்றுதான், அதுவும் கடைசிப் பயணத்தில்.

அருவிவரை போய், வழியில் நாற்பது மரமாவது பெயர் குறித்துக்கொண்டு வருவதாகத் திட்டம். கிளம்பி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. முதலாமாண்டுப் பெண் ஒருத்தி வரிசையில் இருந்து கையைத் தூக்கினாள். வகுப்பில் கைதூக்குகிற மாதிரியே. “சார், குதிகால் புண்ணாயிருச்சு. புது ஷூ. என்னால இதுக்கு மேல நடக்க முடியாது.”

யாரும் சிரிக்கவில்லை. முணுமுணுக்கவும் இல்லை. அவளுக்கு முன்னால் போனவள் பையை இறக்கிப் பஞ்சும் பிளாஸ்திரியும் தேட ஆரம்பித்தாள். அண்ணாச்சி என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அங்கேயே ஒரு வெடிப்பலா மரத்தடியில் உட்கார்ந்துவிட்டோம். அருவிக்குப் போகவில்லை. அந்த மரத்தையும் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்த மற்ற மரங்களையும் மட்டும் இலை, பட்டை, வேர் என்று பகல் முழுக்கப் பார்த்தோம். ரெக்கார்டு நோட்டில் பதினோரு மரம்தான் ஏறியது.

செய்முறைத் தேர்வுக்கு வெளியூரில் இருந்து வந்த எக்ஸ்டர்னல், நோட்டைப் புரட்டிவிட்டு ஒரு மாணவனிடம் கேட்டார்: “மூணு நாள் போயிருக்கீங்க, பதினொண்ணுதானா?”

“அதுக்குள்ள ஒருத்திக்குக் கால் வலிச்சிருச்சு சார்” என்றான் அவன்.