மூன்றாம் அத்தியாயத்தில் நிற்பவருக்கு

வணக்கம். நாவல் மூன்றாம் அத்தியாயத்தோடு நின்று நாலு மாதமாகிறது, வாசிக்க உட்கார்ந்தாலும் பத்தே பக்கத்தில் கை ஃபோனுக்குப் போய்விடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு இரண்டும் ஒரே சிக்கலாகத்தான் தெரிகிறது. வாசிப்பு வற்றினால் எழுத்து எங்கிருந்து ஊறும்?

தடித்த புத்தகங்களைக் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள். புதுமைப்பித்தன் கதைகள் 2002இல் நாட்டுடைமை ஆனவை, தமிழ் நூல்களை மின்னூலாகத் தரும் மதுரைத் திட்டத்தின் (Project Madurai) இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கும். 'பொன்னகரம்' சில பக்கம்தான். ஃபோனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, வாய்விட்டு, மெதுவாகப் படியுங்கள், பிடித்த பத்தியைக் கையால் ஒரு நோட்டில் எழுதுங்கள், ஒரு வாக்கியம் எங்கே மூச்சு விடுகிறது என்பது கைக்குத்தான் முதலில் புரியும்.

அப்புறம் எழுத்து. என் கதையிலும் ஒருத்தி பேருந்தை விட்டு இறங்கவே மாட்டேன் என்று இரண்டு மாதம் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் அவளை விட்டுவிட்டு நடத்துனரின் கையை மட்டும் எழுதினேன்: விரலிடுக்கில் நீளவாக்கில் மடித்த பத்து ரூபாய்த் தாள்கள், எச்சில் தொட்டுக் கிழிக்கிற டிக்கெட், கட்டைவிரல் நகத்தில் நீல மை. அரைப் பக்கம் வந்தது, மறுநாள் அவள் இறங்கினாள்.

நீங்களும் மூன்றாம் அத்தியாயத்தைத் தொடவேண்டாம். அதில் வருகிற ஒரு பொருளை மட்டும் தினம் பத்து நிமிடம் எழுதுங்கள், திருத்தாமல். சரி, உங்கள் கதை எந்த இடத்தில் நிற்கிறது? அந்தக் காட்சியை இங்கே போடுங்கள், கட்டாயம் படிக்கிறேன்.