துணைவேந்தர் பதவி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: வேந்தர், துணைவேந்தர் இருவரில் யார் பெரியவர்? (சாவகச்சேரி வாசகர்)

பதில்: பதவி வரிசையில் வேந்தர். பட்டமளிப்பு விழாவுக்குத் தலைமை தாங்குவார். பல்கலைக்கழகத்தை நடத்துவது துணைவேந்தர். இலங்கையின் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டப்படி தலைமை நிறைவேற்று அலுவலரும் தலைமைக் கல்வி அலுவலரும் அவரே. நிர்வாகத்தைப் பார்க்கும் பேரவைக்கும் (Council) கல்வி விடயங்களைப் பார்க்கும் மூதவைக்கும் (Senate) அவர்தான் தலைவர்.

கேள்வி: மகனுக்கு உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளி (தரப்படுத்திய புள்ளி) சொற்பம் குறைந்துவிட்டது. துணைவேந்தரைச் சந்தித்தால் மருத்துவ பீடம் கிடைக்குமா? (ஒரு தாய், கோண்டாவில்)

பதில்: கிடைக்காது, அம்மா. அனுமதி வழங்குவது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் வேலை. "நான் எடுத்துத் தருகிறேன்" என்று காசு கேட்பவரை வாசற்படி ஏற விடாதீர்கள். முன்பும் எழுதினேன், இனியும் எழுதுவேன்.

கேள்வி: அமெரிக்காவில் படிக்கும் மகளுக்குப் 'புரொவோஸ்ட்' கையெழுத்திட்டுக் கடிதம் வந்திருக்கிறது. இவர் யார்? (பருத்தித்துறை)

பதில்: அங்கே தலைமைக் கல்வி அலுவலர் அவர்தான். பல்கலைக்கழகத் தலைவர் (President) நிதி திரட்டலையும் வெளித்தொடர்புகளையும் பார்ப்பார். பீடாதிபதிகள், ஆசிரியர் நியமனங்கள், பாடத்திட்டம், கல்விக்கான பாதீடு எல்லாம் புரொவோஸ்டின் மேசைக்கு வரும். இங்கே இரண்டு சுமையும் துணைவேந்தர் ஒருவரின் தலையில். ஆனால் லண்டன் யூனிவர்சிட்டி கொலிஜில் புரொவோஸ்ட் என்றால் நிறுவனத்தின் தலைவரே. பதவிப் பெயரை நம்பாமல் அந்தந்த நிறுவனத்தின் விதிகளைப் பாருங்கள்.

கேள்வி: தகுதிகாண் விரிவுரையாளராகச் சேர்ந்துள்ளேன். துணைவேந்தராக வர இப்போதே யாருடைய தொடர்பை வளர்க்க வேண்டும்? (பெயர் வேண்டாம்)

பதில்: உங்கள் கடிதம் இரண்டு பக்கம். ஆய்வு பற்றி ஒரு வரி இல்லை, மாணவர் பற்றி ஒரு சொல் இல்லை. முதலில் கலாநிதிப் பட்டத்தை முடியுங்கள். சிரேஷ்ட விரிவுரையாளர், பேராசிரியர், துறைத் தலைவர், பீடாதிபதி என்று ஏறவே ஏறத்தாழ இருபத்தைந்து வருடம் பிடிக்கும். பேரவை மூன்று பெயர்களைத் தெரிவு செய்யும், ஆணைக்குழு பரிந்துரைக்கும், ஜனாதிபதி நியமிப்பார். பதவிக்காலம் மூன்று வருடம்.

தலைமைக் கல்வி அலுவலர் என்ற பாதியை நம்மவர் மறந்தே போனார்கள். எனக்குப் பொறுக்காத விடயம் இது. பாடத்திட்டத் திருத்தம் துறையில் தொடங்கி, பீடச் சபை கடந்து, தடித்த கட்டாக மூதவைக்கு வரும். நிகழ்ச்சிநிரலில் அதற்குக் கடைசி இடம். விடுமுறை விண்ணப்பங்களும் விழா ஏற்பாடுகளும் பேசி முடிய மாலை நான்கரை. எல்லோரும் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள், "ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்று எழுதியாயிற்று. அந்தக் கட்டில் ஒரு முன்தேவைப் பாடம் விடுபட்டிருந்தால், இறுதி வருடத்தில் பிள்ளைதான் அல்லற்படும். அந்தக் கட்டை மூதவைத் தலைவரான துணைவேந்தர் முதல் நாள் இரவே வாசித்திருக்க வேண்டும். கட்டடத் திறப்பு விழாக்களை மட்டும் சாதனையாக அடுக்கும் துணைவேந்தர் பாதி வேலைதான் செய்தவர்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் வளாகமாக இருந்தபோது 1974இல் அதன் தலைவராக வந்த கைலாசபதி இலக்கியத் திறனாய்வாளர். 1979இல் அதன் முதல் துணைவேந்தரான வித்தியானந்தன் நாட்டுக்கூத்தை ஆராய்ந்து மேடையேற்றியவர். 1988இல் வந்த துரைராஜா, கேம்பிரிட்ஜில் ரொஸ்கோ, ஸ்கோபீல்டு என்ற அறிஞர்களுடன் மண்பொறியியலில் ஆய்வு செய்தவர். பதவிக்கு முன்பே அவர்களுக்குப் பெயர் இருந்தது. மறுபடியும் சொல்கிறேன், ஆளைப் பிடிக்க அலையாதீர்கள், படியுங்கள், படிப்பியுங்கள்.

கேள்வி: பீடாதிபதியைத் துணைவேந்தர்தானே நியமிக்கிறார்? (மானிப்பாய்)

பதில்: இல்லை. பீடச் சபை தெரிவு செய்கிறது, மூன்று வருடத்துக்கு.

கேள்வி: பெறுபேறு இன்னும் வரவில்லை. துணைவேந்தருக்கு முறைப்பாடு அனுப்பலாமா?

பதில்: எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பீடம், எந்த அரையாண்டு? ஒன்றும் எழுதாமல் கேட்டால் யார் என்ன சொல்வது! முதலில் துறைத் தலைவர், அடுத்து பீடாதிபதி. பரீட்சைக் கிளைக்கும் எழுத்தில் கொடுங்கள், சுட்டெண்ணுடன். இரண்டு மூன்று வாரத்தில் பதில் இல்லையென்றால் பிரதிகளை இணைத்துத் துணைவேந்தருக்கு அனுப்புங்கள்.