விட்டுப்போன தியானத்திற்கு நிலுவை கிடையாது

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். காலைதோறும் மூச்சைக் கவனித்துத் தியானம் செய்துவந்தவர், தாயார் நோயில் விழுந்ததும் விட்டுவிட்டார், ஐந்து மாதங்களாகின்றன. இப்போது அமர்ந்தால் அமைதிக்குப் பதிலாக வெட்கமே மேலெழுகிறது என்கிறார். அறுந்துபோன தீட்சையைப் புதுப்பிக்காமல் மறுபடி அமரக் கூடாது, அதற்கு இருபதாயிரம் ரூபாய் செலவாகும் என்று ஒருவர் சொல்கிறாராம். கொடுக்கலாமா என்று கேட்கிறார்.

கொடுக்க வேண்டாம். மூச்சைக் கவனிப்பதற்குத் தீட்சையே தேவையில்லை; இல்லாத ஒன்றை எப்படிப் புதுப்பிப்பது?

வெட்கத்தைப் பற்றிச் சொல்கிறேன். பௌத்த மரபு தியானத்திற்கான தடைகளை ஐந்தாக வகுக்கிறது. அவற்றில் நான்காவது, மனம் அலைபாய்வதும், செய்ததையும் செய்யாமல் விட்டதையும் எண்ணிக் குமைவதும் ஆகும். அதாவது, விட்டுவிட்டேனே என்று உங்களை நீங்களே கடிந்துகொள்வதைப் பக்குவத்தின் அடையாளமாக அந்த மரபு கொள்ளவில்லை, தூக்கத்தோடும் சந்தேகத்தோடும் சேர்த்துத் தடைகளின் வரிசையிலேயே வைத்திருக்கிறது. கீதையின் 6ஆம் அத்தியாயத்தில் அருச்சுனனும் இதையேதான் கேட்கிறான்: நம்பிக்கை இருந்தும் யோகத்திலிருந்து வழுவியவன் சிதறிய மேகம் போல அழிந்துபோவானோ? நல்லதைச் செய்தவன் எவனும் கேடடைவதில்லை என்பதே அவனுக்குக் கிடைத்த விடை.

நம் தோட்டங்களில் கொழுந்தின் கிலோ குறைந்தால் அரைப் பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும். அந்தக் கணக்கு நமக்குள் இவ்வளவு ஆழமாக ஊறிவிட்டதால், மூச்சையும் அதே தராசில் போட்டு, விட்ட நாட்களுக்கு ஈடுகட்ட ஒரு மணி நேரம் அமர முயன்று மூன்றாம் நாளே மறுபடி விட்டுவிடுகிறோம். ஆகவே, ஈடுகட்ட வேண்டாம். பத்து நிமிடம் போதும். கட்டில் விளிம்பில் அமர்ந்து, மூக்கு நுனியில் மூச்சு தொடும் இடத்தைக் கவனியுங்கள். 'ஐந்து மாதம்' என்ற எண்ணம் வரும்போது அதோடு வாதிடாமல், அது தொண்டையில் இறுகுகிறதா, நெஞ்சில் கனக்கிறதா என்று பாருங்கள். பார்த்தபின் மூச்சுக்குத் திரும்புங்கள். அப்படித் திரும்புவதும் பயிற்சியே. கலஹாவுக்கு அருகிலுள்ள நிலம்பே தியான நிலையத்தில் பல ஆண்டுகள் கற்பித்து, 2000ஆம் ஆண்டு மறைந்த கொட்வின் சமரரத்ன, விரும்பத்தகாத உணர்வுகளோடும் நட்புக் கொள்ளுமாறு வலியுறுத்தியவர். மெத்தா எனும் அன்புத் தியானத்தையும் மரபின்படி தம்மிலிருந்தே தொடங்குவார்கள்.

இனி அந்த இருபதாயிரத்திற்கு வருவோம். குற்றவுணர்வு உள்ள இடத்தை இவர்கள் மோப்பம் பிடித்துவிடுகிறார்கள். 'சக்தி கசிந்துவிட்டது', 'சக்கரம் அடைத்துக்கொண்டது' என்பார்கள். அடைப்பெடுக்க ஒரு தொகை, பிறகு மோதிரத்திற்கு ஒரு தொகை. தியான முகாமில் இடம் பிடித்துத் தருவதாக முற்பணம் வாங்குபவர்களும் இருக்கிறார்கள். பேராதனையை அடுத்த ஹிந்தகலவில் உள்ள தம்ம கூட நிலையத்தின் பத்து நாள் விபஸ்ஸனா தியான வகுப்புகளுக்குக் கட்டணமே கிடையாது; முன்னர் பயின்றவர்களின் நன்கொடையில் அவை நடக்கின்றன, விண்ணப்பத்தை நீங்களே அனுப்பலாம். இடையில் ஒருவர் எதற்கு? பணத்தை முன்வைத்து அச்சமூட்டுபவர் எவராயினும் அவருக்குத் தியானத்தைப் பற்றி எதுவும் தெரியாது என்றே கொள்ளுங்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். தாயாரின் நோய்க்காலத்திற்குப் பின் உங்களுக்கு உறக்கம் போயிருந்தால், எதிலும் விருப்பமற்றுப் பல வாரங்கள் கழிந்திருந்தால், கண்ணை மூடியதும் பதற்றமோ அச்சமோ கூடினால், அது சோம்பலன்று, தியானத்தில் நேர்ந்த தவறுமன்று. 'இன்னும் ஆழமாக அமருங்கள்' என்று எவர் சொன்னாலும் கேளாதீர்கள். மனச்சோர்வு உள்ளவர்களை நீண்ட நேரம் தனியே அமரவைப்பது சிலருக்கு நிலைமையை மோசமாக்கும். மருத்துவரைப் பாருங்கள். மலையகத்து அரச மருத்துவமனைகளில் மனத்துயரைத் தமிழில் ஆறுதலாகக் கேட்க ஓர் ஆள் கிடைப்பது இன்றும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாக இருப்பது வெட்கக்கேடு. ஆயினும் மொழிபெயர்க்க நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிக்கொண்டாவது போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற எண்ணுக்கும் அழைக்கலாம். தந்த மருந்தை, தியானம் செய்கிறேன் என்பதற்காக நிறுத்தாதீர்கள். நிலைமை தேறும் வரை கண்ணை மூடி அமர வேண்டியதில்லை. வீட்டு வாசலில் மெதுவாக நடந்து, பாதம் தரையைத் தொடுவதை ஐந்து நிமிடம் கவனித்தால் போதும்.