மூன்றாம் மாடி பால்கனியில் ஓர் உரத் தொட்டி

கேள்வி: சென்னை மடிப்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் வசிக்கிறோம். நான், கணவர், மாமியார், பள்ளி செல்லும் மகள் என நான்கு பேர். சுற்றுச்சூழலுக்குக் கேடு செய்யாமல் வாழ ஓர் ஆண்டாக முயன்று வருகிறேன். மூங்கில் டூத்பிரஷ், எவர்சில்வர் உறிஞ்சுகுழல், அரை டஜன் துணிப்பை எல்லாம் வாங்கினேன். வீட்டிலேயே உரம் தயாரிக்க மூடியுள்ள வாளி ஒன்றும் வைத்தேன். மூன்றாவது வாரம் நாற்றம் தாங்கவில்லை, புழுக்கள் வேறு நெளிந்தன. மாமியார் கொட்டிவிடச் சொல்லிவிட்டார். பட்டியல் பட்டியலாகப் படித்துச் சலித்துவிட்டது. எங்களால் அன்றாடம் கடைப்பிடிக்க முடிந்தவை எவை? எதிலிருந்து தொடங்குவது?

பதில்: நீங்கள் கொட்டிவிட்ட அந்த வாளியிலிருந்தே மீண்டும் தொடங்குங்கள் சகோதரி. நீங்கள் எழுதியிருப்பவற்றில் மிகப் பெரிய பலன் தரக்கூடியது அதுதான். உங்கள் முயற்சி தோற்றதற்குக் காரணமும் மிகச் சிறியது: வாளியில் சருகு இல்லை, காற்றும் இல்லை.

நம் வீடுகளில் சேரும் குப்பையில் பாதிக்கும் மேல் காய்கறித் தோல், பழத்தோல், டீத்தூள், வாடிய பூ, மிஞ்சிய சோறுதான். இவை மற்றக் குப்பையோடு கலந்து கிடங்குக்குப் போனால், மலைபோன்ற குவியலின் அடியில் காற்றில்லாமல் அழுகும். காற்றில்லாமல் அழுகும் பொருளிலிருந்து மீத்தேன் வாயு வெளிவருகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், கரியமில வாயுவைப்போல ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது. எளிதில் தீப்பற்றவும் செய்யும். 2022 ஏப்ரல் இறுதியில் பெருங்குடி குப்பைக் கிடங்கு நாள்கணக்கில் எரிந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தப் புகை உங்கள் பகுதிக்கும் வந்திருக்கும். அதே ஆண்டில்தான் அந்தக் கிடங்கை ஒட்டிய பள்ளிக்கரணைச் சதுப்புநிலம், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. உலகம் மதிக்கும் ஒரு நீர்நிலையின் மடியில்தான் நம் வீட்டு வாழைப்பழத் தோலைப் பல ஆண்டுகளாகக் கொட்டி வந்திருக்கிறோம் என்பது எனக்கு இன்றும் வேதனை தருகிறது. நான்கு பேர் உள்ள வீட்டில் நாள்தோறும் அரைக் கிலோவாவது சேரும். அது உங்கள் வாசலைத் தாண்டாமல் இருந்தால் அதுவே பெரிய காரியம்.

வாளியில் என்ன நடந்தது என்று பார்ப்போம். காய்கறித் தோலில் பெரும்பகுதி தண்ணீர். மக்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்தும் (நைட்ரஜன்) வேண்டும், கரிச்சத்தும் (கார்பன்) வேண்டும். ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25 முதல் 30 பங்கு கரிச்சத்து இருந்தால் அவை நன்றாக வேலை செய்யும். தோலிலும் டீத்தூளிலும் தழைச்சத்து மிகுதி. கரிச்சத்து சருகிலும் தென்னை நார்த்தூளிலும் மரத்தூளிலும் இருக்கிறது. வெறும் தோலை மட்டும் மூடிய வாளியில் போட்டால் தண்ணீர் அடியில் தேங்கும், காற்று போக வழியிருக்காது, காற்று வேண்டாத கிருமிகள் பெருகும். மூக்கைத் துளைத்த நாற்றம் அவற்றின் வேலை.

பழைய கிராமத்து எருக்குழியை உங்கள் மாமியார் பார்த்திருக்கக்கூடும். சாணம், வைக்கோல், அடுப்புச் சாம்பல், வாசல் கூட்டிய சருகு என்று மாறி மாறி விழும். உங்கள் வாளியைப்போல அது நாறியதில்லை. காரணம் அந்த வைக்கோலும் சருகும்தான். இந்த முறை அவரைக் கேட்டு, அவரையும் சேர்த்துக்கொண்டு தொடங்குங்கள். புளித்த மோர் தேவைப்படும், அவர் கையால் வாங்கிக்கொள்ளலாம்.

இரண்டு மண்தொட்டிகள் வேண்டும். பக்கவாட்டில் துளையிட்ட பழைய பெயின்ட் வாளிகளும் போதும். அடியில் நான்கு விரற்கடை உயரத்துக்குச் சருகையோ நார்த்தூளையோ பரப்புங்கள். நாற்றுப் பண்ணைகளில் நார்த்தூளைச் செங்கல்போல் அழுத்தி விற்பார்கள், அதை உதிர்த்துக்கொள்ள வேண்டும். காசு கொடுத்து வாங்காமலும் சமாளிக்கலாம். உங்கள் குடியிருப்பில் தினமும் கூட்டும் சருகு எங்கே போகிறது என்று பாருங்கள். பல இடங்களில் அதைத் தெருவோரத்தில் கொளுத்திவிடுகிறார்கள். கூட்டும் அம்மாவிடம் ஒரு சாக்கு சருகு கேட்டு வாங்கினால் மூன்று வாரத்துக்கு வரும், அந்தப் புகையும் மிச்சம்.

அன்றன்றைய தோலை நீர் வடித்து, பெரிய துண்டுகளை நறுக்கிப் போடுங்கள். ஒரு கிண்ணம் தோலுக்கு ஒன்று முதல் ஒன்றரைக் கிண்ணம் சருகு. சருகே எப்போதும் மேலே தெரிய வேண்டும், தோல் கண்ணில் படக் கூடாது. முதல் வாரம் மட்டும் ஒரு கரண்டி புளித்த மோரை நீர்விட்டுத் தெளியுங்கள். வாரம் இருமுறை ஒரு குச்சியால் அடிவரை கிளறுங்கள். தொட்டி நிறைந்ததும் ஓரமாக வைத்துவிட்டு இரண்டாவதைத் தொடங்கலாம். சென்னை வெயிலில் 45 முதல் 60 நாளில் முதல் தொட்டி உரமாகிவிடும்.

ஈரம் சரியாக இருக்கிறதா என்பதற்குக் கையே அளவுகோல். உள்ளிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு எட்டிப்பார்த்தால் சரியான பதம். ஒழுகினால் சருகு போதவில்லை. கையைத் திறந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் சற்று நீர் தெளிக்க வேண்டும். சூடு தட்டினாலும், வெண்ணிறப் பூஞ்சை படர்ந்தாலும் மகிழுங்கள், வேலை நடக்கிறது.

இனிப் புழு. கொழுகொழுவென்று, வரிவரியாக, வெளிர் நிறத்தில் இருந்து பழுப்பாக மாறியவை என்றால் அவை பெரும்பாலும் கருஞ்சிப்பாய் ஈயின் புழுக்கள். வளர்ந்த ஈ கடிக்காது, வீட்டு ஈயைப்போலச் சாப்பாட்டைத் தேடியும் வராது. புழுவோ மிகப் பெரிய சாப்பாட்டு ராமன்; நீங்கள் போடும் தோலை நாமே வியக்கும் வேகத்தில் தின்று தீர்க்கும். பார்க்கப் பிடிக்கவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் சருகு சேருங்கள், ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்குத் தூளைக் கலந்து கிளறுங்கள். ஈரம் குறைந்தால் அவையும் குறைந்துவிடும். சின்னஞ்சிறு பழ ஈக்கள் மொய்த்தால் மேலே சருகு போதவில்லை என்று பொருள். தொட்டியின் வாயை மெல்லிய பருத்தித் துணியால் கட்டிவிடுங்கள்.

எலும்பு, மீன் கழிவு, எண்ணெய் மிதக்கும் குழம்பு ஆகியவற்றைப் பழக்கம் வரும்வரை போடாதீர்கள். தேங்காய்ச் சிரட்டையும் மாங்கொட்டையும் மக்க நீண்ட காலம் பிடிக்கும். ‘மக்கும் பை’ என்று அச்சிட்டு விற்கும் பைகளையும் தொட்டியில் போட வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை பெரிய உரத் தொழிற்கூடங்களின் நீடித்த வெப்பத்தில் மக்கும்படி செய்யப்பட்டவை, பால்கனித் தொட்டியில் அந்த வெப்பம் வராது.

ஈரக் குப்பை தனியானதும் ஒரு மாற்றம் தெரியும்: மிச்சக் குப்பை நாறாது, தினமும் வெளியே வைக்கவும் வேண்டியிருக்காது. அதில் நான் வற்புறுத்திச் சொல்வது பால் பாக்கெட்டைப் பற்றி. முனையை முழுதாக வெட்டி எறியாமல், ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்படி கீறிப் பாலை ஊற்றுங்கள். துண்டாக வெட்டிய அந்த விரல்நகம் அளவு பிளாஸ்டிக்கை யாராலும் பொறுக்கி எடுக்க முடியாது. அது நேரே சாக்கடைக்கும் மண்ணுக்கும் போகும். பிறகு பாக்கெட்டை அலசி, கொடியில் காயவைத்துச் சேர்த்தால் பழைய பேப்பர் கடையில் எடுத்துக்கொள்வார்கள். நாப்கின்களையும் உடைந்த கண்ணாடியையும் செய்தித்தாளில் சுற்றித் தனியே கொடுங்கள். வெறுங்கையால் குப்பை பிரிக்கும் தூய்மைப் பணியாளர்களின் விரல்களை நான் பார்த்திருக்கிறேன். இந்த ஒரு காரியத்தைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

வாங்கிய மூங்கில் பிரஷ்ஷைத் தேயும்வரை பயன்படுத்துங்கள், வீட்டில் இருக்கும் பிளாஸ்டிக் பிரஷ்ஷையும் அப்படியே. நல்ல நிலையில் உள்ளதை எறிந்துவிட்டுப் ‘பசுமைப் பொருள்’ வாங்குவதால் குப்பைதான் கூடும். துணிப்பைக்கும் இதே கணக்குதான். பருத்தி விளைய நிறைய தண்ணீர் செலவாகிறது, ஒரு பை நூற்றுக்கணக்கான முறை கடைக்குப் போய் வந்தால்தான் அதற்கு நியாயம் செய்ததாகும். இருக்கிற ஆறு பை உங்கள் ஆயுளுக்குப் போதும். ஒன்றை ஸ்கூட்டர் பெட்டியிலும், ஒன்றைக் கணவரின் அலுவலகப் பையிலும் மடித்து வைத்துவிடுங்கள். அலமாரியில் இருக்கும் பை கடைத்தெருவில் உதவாது.

மின்சாரத்தில் ஏசியும் மின்விசிறியும்தான் கவனிக்க வேண்டியவை. ஏசியின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகத்தின் கணக்கு. ஏசியை 24 டிகிரியில் வைத்து மின்விசிறியை மெதுவாக ஓடவிடுங்கள். பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி எனப்படும், குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் உள்ள வகை 30 வாட்டில் அதே காற்றைத் தரும். தினம் 12 மணி நேரம் ஓடும் ஒரு விசிறியை மாற்றினால் இரண்டு மாத பில்லில் சுமார் 32 யூனிட் குறையும். ஆனால் நன்றாக ஓடும் விசிறியைக் கழற்ற வேண்டாம், பழுதாகும்போது மாற்றுங்கள்.

ஆர்ஓ இயந்திரம் இருந்தால் அதன் கழிவுக் குழாயை ஒரு வாளிக்குள் விடுங்கள். தரை துடைக்கவும் கழிவறைக்கும் அந்த நீர் போதும். உப்பு மிகுதி என்பதால் செடிகளுக்குத் தொடர்ந்து ஊற்றாதீர்கள். அரிசி களைந்த நீரைச் செடிக்குக் கொடுக்கலாம்.

இவை எல்லாவற்றையும் இந்த வாரமே தொடங்காதீர்கள். முதல் இரண்டு மாதம் தொட்டி மட்டும் போதும். மற்றவை ஒவ்வொன்றாக வரட்டும்.

தொட்டியைத் திறக்கும்போது முதல் மழைக்கு நனைந்த மண்ணின் வாசம் வந்தால், போட்ட தோல் எதுவும் அடையாளம் தெரியாமல் கறுத்து உதிரியாக இருந்தால், உரம் ஆகிவிட்டது. சல்லடையில் சலித்து, மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு கலந்து கறிவேப்பிலைக்கோ துளசிக்கோ வையுங்கள். சல்லடையில் தங்கும் கப்பியை எறிந்துவிடாதீர்கள். பாலுக்கு உறைமோர்போல, அடுத்த தொட்டிக்கு அதுதான் உறை. அடியில் இரண்டு கைப்பிடி போட்டுத் தொடங்கினால் மோர்கூடத் தேவைப்படாது.